காம்ப்ஸ் பூட்டிவைத்த ஹெல்மெட்

ஹூபர்ட் காம்ப்ஸின் மரணத்தைப் பற்றி எங்கள் மாவட்டப் பத்திரிகையில் நான்கு வரிகள் வந்தன. கிழக்கு கென்டக்கியில் நிலக்கரி முகாம் ஒன்றில் பிறந்தார், ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தார், பிறகு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார், வயது எண்பத்தொன்று. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் எங்கள் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால், டிரெய்னராக இருந்தது அதில் இல்லை. எழுதிக் கொடுத்தவள் அவருடைய தங்கை மகள். விட்டுப்போனதா, விட்டுவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தோம். பனியில் இறுகிய மண் மார்ச்சில் அப்போதுதான் இளகத் தொடங்கியிருந்தது. ஓபல் டாக்கெட் வரவில்லை. வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாக அவரைத் தன் வீட்டுக்குள் விடாதவள் அவள். காம்ப்ஸுக்குக் கடைசிவரை இருந்தது ஒரே ஆசை. அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய், அவள் மகன் ராய்ஸின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். நான் வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்கும். திறக்கவில்லை.

டிரெய்னர் என்றால் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் அல்ல. அதற்குக் கோச் இருக்கிறார். கணுக்காலுக்குப் பட்டி சுற்றுவது, வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் வைப்பது, விழுந்தவன் எழுந்து ஆடலாமா என்று பார்ப்பது, இதுதான் டிரெய்னர் வேலை. சின்னக் கல்லூரி என்பதால் எங்களில் ஒவ்வொருவருக்கும் மூன்று வேலைகள். காம்ப்ஸ் செவ்வாயும் வியாழனும் உடல்நலப் பாடம் எடுப்பார். வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்தையும் அவர்தான் ஓட்டுவார். நான் அதே கல்லூரியில் இலக்கியம் படித்து முடித்துவிட்டு அங்கேயே அணியின் சாமான் அறையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஹெல்மெட்டுகள், தோள்பட்டைக் கவசங்கள், சட்டை துவைப்பது எல்லாம் என் பொறுப்பு. வாக்கியம் அமைக்கத் தெரியும் என்பதால் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவதும் என் தலையில் விழுந்தது.

காம்ப்ஸ் நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். கால்சட்டைப் பையில் எப்போதும் கத்தரிக்கோல். வாயில் பெப்பர்மின்ட். பையன்கள் அவரை டாக்டரே என்று கூப்பிடுவார்கள். அதில் பாதி கேலி.

"டாக்டரே, கால் வலிக்குது."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"அப்ப ஒண்ணுமில்ல. ஒண்ணு மட்டும் வலிச்சாத்தான் எனக்கு வேலை. போடா."

தலையில் அடிபட்டவனிடம் மட்டும் இந்தக் கேலி இருக்காது. அவனை ஓரத்துக்குக் கூட்டிவந்து, முன்னால் மண்டியிட்டு, மூன்று கேள்விகள் கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டாய்? போன வாரம் யாரோடு ஆடினோம்? உன் அம்மா இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? மூன்றில் ஒன்று பிசகினாலும் அவன் ஹெல்மெட்டை வாங்கி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடுவார். பையனோடும் வாதாட மாட்டார், கோச்சோடும் வாதாட மாட்டார். ஹெல்மெட் இல்லாதவன் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. காம்ப்ஸின் கையில் ஹெல்மெட் போய்விட்டால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் அவ்வளவுதான் என்பது மேல்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருக்கும் கிழவர்களுக்கும் தெரியும்.

ராய்ஸ் டாக்கெட் எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. அப்பா சுரங்கத்தில் இறந்துபோனார். அம்மா ஓபல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, வெயிலடித்தாலும் அதே கோட்டுதான், மைதானத்தில் முப்பதாவது கஜத்தைக் காட்டும் வெள்ளைக் கோட்டுக்கு நேர் பின்னால் வந்து உட்காருவாள். மகன் கண்ணுக்குத் தான் தெரிய வேண்டும் என்பதற்காக.

அவனால் முடியாதது என்று எதையும் நான் பார்க்கவில்லை. பந்து எங்களிடம் இருக்கும்போது ஓடிப்போய்ப் பிடிப்பான். எதிரணியிடம் இருக்கும்போது அந்தப் பக்கம் மாறி, பந்தோடு வருபவனைக் கவிழ்ப்பான். உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்கும்போது கீழே நிற்பவனும் அவன்தான். மற்ற அணிகளில் இதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள். ஸ்டிடம் என்பது எங்கள் கோச்சின் பெயர். அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார்: "இவனை எங்க போடறீங்கன்னு கேக்காதீங்கய்யா. எங்க போடலன்னு கேளுங்க."

இதில் எனக்கு ஒரு தனி வேலை வந்தது. பந்து பிடிப்பவனுக்குப் பார்வை மறைக்கக் கூடாது. அவன் ஹெல்மெட்டின் முகத்தில் இரண்டே கம்பிகள். தடுப்பவனுக்கு முகம் முழுக்கக் கூண்டு, உள்ளே தடித்த திண்டு. ஒன்றைக் கழற்றி மற்றதை முடுக்கக் கால்மணி நேரம் ஆகும். அதனால் ராய்ஸுக்கு மட்டும் இரண்டு ஹெல்மெட்டுகள் தயார் செய்து வைத்தேன். பின்பக்கம் பட்டி ஒட்டி, ஒன்றில் லேசு, இன்னொன்றில் கனம் என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவன் ஓரத்துக்கு ஓடிவந்து, என்னைப் பார்க்காமலே கையை நீட்டுவான்.

"எவ், எது?"

என் பெயர் எவரெட். லேசு என்றோ கனம் என்றோ சொல்லி எறிவேன். ஓர் ஆட்டத்தில் இருபது தடவையாவது இது நடக்கும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அவனுடைய பெயர் ஸ்ட்ரௌட் விருதுக்கான கடைசி ஐந்து பெயர்களில் வந்தது. நாட்டிலேயே அதிகமான இடங்களில் நின்று நன்றாக ஆடும் கல்லூரி ஆட்டக்காரனுக்கு லூயிவில் நகரத்தில் மதிய விருந்துக்குக் கூடும் ஆட்ட ரசிகர்களின் சங்கம் ஒன்று கொடுக்கும் விருது அது. தோல் ஹெல்மெட் போட்ட காலத்தில் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை களத்தைவிட்டு வெளியே வராத ஈலம் ஸ்ட்ரௌட் என்பவரின் பெயரில் ஏற்பட்டது. கையில் தருவது வெண்கலத்தில் வார்த்த தோல் ஹெல்மெட், அசல் அளவில். அதுவரை பெரிய பல்கலைக்கழகங்களைத் தவிர வேறு எங்கும் போனதில்லை. அது கிடைத்தால் தொழில்முறை அணிகள் எங்கள் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஓபல் அந்த மாதம் முழுக்கத் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பெயரை அனுப்பியவன் நான். கோப்பு அலமாரியில் அந்த விருதுக்கான வெற்றுப் படிவம் ஒன்று கிடந்தது. எடுத்து நிரப்பினேன். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு விதி இருந்தது: அந்தப் பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவன் தாக்கும் பக்கம், தடுக்கும் பக்கம், உதை ஆட்டம் மூன்றிலும் ஒருமுறையாவது இறங்கியிருக்க வேண்டும். பத்து ஆட்டங்களுக்குப் பத்து வரிசை, மூன்று கட்டங்கள். ஒன்பது வரிசைகளிலும் குறி போட்டாகிவிட்டது. பத்தாவது ஆட்டம் நவம்பரில், மழையில் நடந்தது.

எதிரணியில் முரட்டு ஓட்டக்காரன் ஒருவன் இருந்ததால் கோச் ராய்ஸைத் தடுக்கும் பக்கமே வைத்திருந்தார். நடுவில் ஒரு உதைபந்தைப் பிடித்து ஓடினான். இரண்டு கட்டம் ஆயிற்று. ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் இரண்டாவதில் அந்த முரடனைக் கவிழ்க்கப் போனவன், அவனுடைய முழங்கால் தலையில் பட்டு விழுந்தான். எழுந்தான். நடந்துதான் வந்தான். காம்ப்ஸ் அவனை உட்காரவைத்து மண்டியிட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி. கிரேவி."

"போன வாரம் யாரோட ஆடினோம்?"

சரியாகச் சொன்னான்.

"உங்க அம்மா எங்க உக்காந்திருக்காங்க?"

ராய்ஸ் நிமிர்ந்து இருக்கைகளைப் பார்த்தான். மஞ்சள் கோட்டு அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. ஓபல் கையைக்கூட ஆட்டினாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"வீட்ல," என்றான். "அடுப்புல ஏதோ வெச்சிருக்காங்க. அதான் வரல."

காம்ப்ஸ் கனமான ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் கால்பகுதியில் நாங்கள் இருபது புள்ளிகள் முன்னால் இருந்தோம். ஆறு நிமிடம் மிச்சம். எங்கள் ஆட்களில் தடியன் ஒருவன் மைதானத்தின் மறுகோடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்த, காம்ப்ஸ் அங்கே ஓடினார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போவதற்கு முன் ராய்ஸின் ஹெல்மெட்டைத் தன் மருந்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ராய்ஸ் தலைமேல் துண்டு போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் சட்டைப் பையில் அந்தப் படிவத்தின் நகல் இருந்தது. பத்தாவது வரிசையில் ஒரு கட்டம் காலி.

நான் கோச்சிடம் போனேன். அவராக என்னைக் கூப்பிடவில்லை.

"கோச், ராய்ஸ் இன்னிக்குத் தாக்குற பக்கம் ஒரு தடவகூட இறங்கல."

"அதுக்கு என்ன?"

"விருது. ஒரு மேட்ச்ல ஒண்ணு விட்டாலும் பேரை எடுத்துடுவாங்க."

அவர் துப்பினார். "காம்ப்ஸ் ஹெல்மெட்டைத் தர மாட்டான். அந்த ஆளுகிட்டப் பேசறதும் செவுத்துக்கிட்டப் பேசறதும் ஒண்ணு."

"இன்னொண்ணு என்கிட்ட இருக்கு."

ஸ்டிடம் என்னைப் பார்த்தார். பிறகு மறுகோடியைப் பார்த்தார். "ஒரே தடவ. ஓரமா நிக்கட்டும். பந்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்கடான்னு சொல்லிடறேன்."

நான் பெஞ்சுக்குப் போனேன். துண்டுக்குள்ளிருந்து ராய்ஸ் கையை நீட்டினான்.

"எவ், எது?"

"லேசு," என்றேன்.

அவன் கோட்டோரமாகப் போய் நின்றான். பந்து எதிர்ப்பக்கம்தான் போனது. மழையில் வழுக்கி, யார் கையிலோ பட்டுத் தெறித்து, குதித்துக் குதித்து இவன் பக்கம் வந்தது. ஓரமாக நிற்கச் சொன்னது அவனுக்கு நினைவிருந்ததா தெரியாது. கால்கள் பந்தை நோக்கிப் போயின. குனிந்தான். குனிந்தவன்மேல் இரண்டு பேர் வந்து மோதினார்கள்.

எழுந்தான். கையில் பந்து இருந்தது. அதை நடுவரிடம் கொடுத்துவிட்டு நிதானமாக நடந்து போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். இருக்கைகளில் ஒரே சிரிப்பு. அந்த அணிப் பையன்களும் சிரித்துக்கொண்டே அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். காம்ப்ஸ் மழையில் ஓடிவந்து பாதி மைதானத்தில் அவனைப் பிடித்தார். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. முகத்துக்கு முன்னால் இருந்த இரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்து சாமான் அறைக்கு வந்தார். மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்த கனமான ஹெல்மெட்டை மேசைமேல், லேசானதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஈரமாக இருந்தன. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது.

"கனமானதுல கன்னத் திண்டு கிழிஞ்சிருக்கு," என்றார். "மாத்திடு."

விருது ராய்ஸுக்குத்தான் கிடைத்தது. டிசம்பரில் லூயிவில் போனோம். ராய்ஸ், ஓபல், கோச், நான். இரவல் கோட்டில் ராய்ஸ் பார்க்க நன்றாக இருந்தான். நான் எழுதிக் கொடுத்த நன்றியுரையின் முதல் வரியை வாசித்தான். மறுபடியும் அதே வரியை வாசித்தான். வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை வாசித்தபோது ஓபல் மட்டும் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் சங்கத்துச் செயலாளர் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் போ டை கட்டிய பெரியவர். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பத்தாவது கட்டத்தை நிரப்ப நாங்கள் பட்ட பாட்டைக் கேலியாகச் சொன்னேன்.

"அந்த விதியா?" என்றார். "அதை எடுத்து ஏழெட்டு வருஷம் ஆச்சே. இந்தக் காலத்துல எவன் தம்பி எல்லா மேட்ச்லயும் மூணு பக்கமும் ஆடறான்? மொத்தமாப் பாத்துத்தான் குடுக்கறோம். உங்க பையன் பேரை அக்டோபர்லயே முடிவு பண்ணிட்டோம். அந்தப் பழைய ஃபார்ம் எங்கேந்து புடிச்சீங்க?"

ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

வசந்தத்தில் ராய்ஸ் வகுப்புக்கு வழி தெரியாமல் நின்றான். வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். ஓபல் கல்லூரித் தலைவரிடம் வந்து ஒரே கேள்வி கேட்டாள்: காம்ப்ஸ் எடுத்துக்கொண்ட ஹெல்மெட் மறுபடி என் மகன் தலைக்கு எப்படி வந்தது? ஊர் முழுக்க அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. காம்ப்ஸ் வாங்கினார், காம்ப்ஸ்தான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஒருவனுக்கு இரண்டு ஹெல்மெட் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஹெல்மெட் என் பொறுப்பிலதான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாராம். கோச் அந்த அறையில்தான் இருந்தார். பின்னால் அவரே எனக்குச் சொன்னார். அப்போது என் மகள் பிறந்து மூன்று மாதம். நான் அந்த அறைக்குப் போகவில்லை. காம்ப்ஸின் வேலை அந்த ஜூனோடு முடிந்தது. பக்கத்து மாவட்டத்தில் முதியோர் இல்லத்தில் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலைக்குப் போனார். கோச் ஸ்டிடம் சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ராய்ஸைத் தொழில்முறை அணி ஒன்று கோடையில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தது. இவனுக்கென்று ஓர் இடம் சொல்ல முடியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மரக்கடை. அதற்குப் பிறகு பள்ளிப் பேருந்து. எந்த முனையில் திரும்ப வேண்டும் என்று பிள்ளைகள் பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்க, ஒரு வருடம் ஓட்டினான். கட்டிக்கொண்டவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள். முப்பத்தாறாவது வயதில் அம்மாவின் வீட்டுக்கு வந்தவன் அதன்பிறகு அங்கிருந்து கிளம்பவில்லை. வெண்கல ஹெல்மெட்டை ஓபல் குளிர்பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். நிமிர்த்தி வைத்தால் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கழற்றத் தெரியாமல் அழுகிறான் என்றாள்.

ஒருமுறை மளிகைக் கடையில் காம்ப்ஸ் அவளுக்கு எதிரே வந்துவிட்டார். நான் ரொட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நீங்க நிம்மதியாத்தான் சாமான் வாங்கறீங்க," என்றாள் அவள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "பையன் எப்படி இருக்கான், மிஸஸ் டாக்கெட்?"

"நீங்க குடுத்த மாதிரியே இருக்கான்."

"ஒரு நாள் வந்து பாக்கட்டுமா? பத்து நிமிஷம்."

"வாங்க. நாயை அவுத்துவிட்டு வெச்சிருக்கேன்."

அவளுடைய நாய்க்குப் பல்லே இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய வண்டியில் அந்தச் சாலைவரை வந்து, தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வார். ராய்ஸ் வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். காம்ப்ஸ் கையை உயர்த்துவார். ராய்ஸும் உயர்த்துவான். எந்த வண்டி நின்றாலும் உயர்த்துவான்.

எனக்கு அந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருந்தது. மகன் பெயரை விருதுக்கு அனுப்பியவன் ஆயிற்றே. ஓபல் என்னைக் கண்ணு என்பாள். அவரை விதைக் குழம்பும் சோள ரொட்டியும் வைப்பாள். நான் உள்ளே நுழைந்ததும் ராய்ஸ் கையை நீட்டுவான்.

"எவ், எது?"

"கனம்," என்பேன், ஒவ்வொரு முறையும். அவன் தலையை ஆட்டி, கையை மடியில் வைத்துக்கொள்வான்.

"என்னதான் கேக்கறான் உன்கிட்ட?" என்று ஓபல் ஒருமுறை கேட்டாள்.

"ஏதோ பழைய ஞாபகம்."

"வேற யார்கிட்டயும் கேக்க மாட்டேங்கறான்," என்றாள். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது.

இந்தப் பிப்ரவரியில் காம்ப்ஸ் படுத்த படுக்கையானார். தான் வேலை பார்த்த அதே இல்லத்தில், தானே விரிப்பு மாற்றிய கட்டில்களில் ஒன்றில். நான் போனேன். இருபத்துமூன்று ஆண்டுகள் வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். படிவத்தைப் பற்றியும் சொன்னேன்.

"ஹெல்மெட் தெரியும்டா," என்றார். "அந்த விதி விஷயம்தான் தெரியாது." கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்த ஒரு ஆட்டம் எதுக்குமே இல்லையா?"

"இல்ல."

"ம்."

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"உன் பேரைச் சொல்லி என் தப்பு போயிடுமா? இருபத்திரண்டு வருஷம் அந்த வேலை பாத்தேன். ஒருத்தனுக்கு ஒரு தலை, அப்ப ஹெல்மெட்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். நாள் பூரா கண்ணு முன்னாடி ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தான். பெட்டியைப் பூட்டினப்ப அது ஞாபகம் வரல பாரு."

பிறகு என் கையைப் பிடித்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"ஓபல்கிட்டச் சொல்றியா? நீ சொன்னா விடுவா. ஒரு நாற்காலில வெச்சுத் தூக்கிட்டுப் போயிடுங்க என்னை. மூணாவது கேள்வியை மட்டும் அவன்கிட்ட இன்னொரு தடவ கேக்கணும்."

"இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்."

ஞாயிறு போனேன். சாப்பிட்டேன். கனம் என்றேன். திரும்பி வந்தேன். காம்ப்ஸிடம் ஓபல் ஊரில் இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பெப்பர்மின்ட் இருக்கிறதா என்றார். புதன்கிழமை போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல், ஓபல் வீட்டுக்குப் போனேன். மண்ணெல்லாம் ஷூவில் ஒட்டியிருந்தது. அவள் அடுப்பில் இருந்ததை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு ஹெல்மெட், பூட்டிய பெட்டி, நான் கோச்சிடம் சொன்னது, பழைய படிவம், இல்லாத விதி, கடைசி மூன்று ஞாயிறுகள், எதையும் விடாமல் சொன்னேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தாள்.

"எதிர் டீம் பெஞ்சுல போய் உக்காந்தானே," என்றாள் கடைசியில். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், எவரெட்."

கண்ணு என்று சொல்லவில்லை.

"இத்தனை வருஷம் அந்த மனுஷனை வெச்சுத்தான் நான் ஓட்டினேன். காலைல எழுந்தா திட்டறதுக்கு ஒரு ஆள். இப்ப அவனும் இல்ல. இனிமே புதுசா உன்னை ஆரம்பிக்கணுமா? எனக்கு எழுபத்தொம்பது ஆச்சு. தெம்பில்ல."

ராய்ஸ் உள்ளறையிலிருந்து வந்தான். தலை நரைத்துவிட்டது. தோள்கள் மட்டும் அப்படியே. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

"எவ், எது?"

ஓபலின் கை விரிப்பின்மேல் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தானா?"

"ஆமா."

"சொல்லு. கேக்கறான்ல."

"கனம்," என்றேன். ராய்ஸ் தலையை ஆட்டி உட்கார்ந்தான்.

காம்ப்ஸுக்காக அதையும் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் முன்னால் மண்டியிட்டேன். முழங்கால் வலித்தது.

"ராய்ஸ், உங்க அம்மா எங்க உக்காந்திருக்காங்க?"

ஓபல் அவனுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. என் தலைக்குமேல், சமையலறைச் சுவருக்கு அப்பால், உயரத்தில் எதையோ தேடினான்.

"முப்பதாவது கோட்டுக்குப் பின்னாடி," என்றான். "மஞ்சக் கோட்டு. டாக்டர்கிட்டச் சொல்லு, நான் பாத்துட்டேன்."

ஓபல் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வரும்வரை அப்படியே நின்றாள். பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறுகள் போய்ப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். காம்ப்ஸின் வண்டிச் சக்கரம் அழுத்திய பள்ளம் அந்தப் புல்லில் இன்னும் இருக்கிறது. ராய்ஸ் வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் கையை உயர்த்தினேன். அவனும் உயர்த்தினான். கையை இறக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான். உதடு அசைந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.